ஞாயிற்றுக்கிழமை கசியாத அணை

"ஏதாவது தேவைன்னா சொல்லுங்க. தயங்க வேண்டாம்."

"கலிங்குல ஒரு பலகை கூடப் போடுங்க சார். அது போதும்."

"அதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்க."

அணைக்காரர் வேலைக்கு வந்த முதல் நாள், அணையின் மேல் நின்றபடி அவரும் கீழே படகுத்துறையில் நின்றபடி அவளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷங்கள் பல ஓடிவிட்டன. அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவளுக்கும் நரைத்திருக்கும், அவள் தேடிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் அவளிடம் இருந்தது, அதிலும் குறிப்பாக அந்தக் கடைசி வாக்கியம். சொன்னவர் அன்று மதியமே மறந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அவளை எல்லாரும் கப்பல்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கப்பல் என்று பார்த்தால் ஆறு மிதிபடகுகள். இரண்டுக்கு அன்னத்தின் தலை, ஒன்றுக்கு வாத்துத் தலை, மற்ற மூன்றுக்கும் தலையே கிடையாது. கடல் என்று பார்த்தால் ஒரு மண் அணைக்குப் பின்னால் தேங்கி நின்ற குளம். இந்தக் கரையில் உரக்கத் தும்மினால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எப்போதோ ஒரு மாவு மில்லுக்காகக் கட்டிய அணை அது. மில் போய்ச் சேர்ந்துவிட்டது, அணை நின்றுவிட்டது. இப்போது அந்தத் தண்ணீரால் ஆகிற காரியம் இரண்டே இரண்டு: சிலர் அதில் படகு மிதிப்பார்கள், மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து அவர்கள் மிதிப்பதைப் பார்ப்பார்கள்.

படகுகள் அவளுடைய அப்பா விட்டுப்போனவை. ஒரு காலத்தில் வந்த வரன்கள் எல்லாம், "படகையெல்லாம் வித்துட்டு வரட்டும்" என்றார்கள். ஒருவராவது, "எங்கே, ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்" என்று சொன்னாரா என்றால் இல்லை. அவள் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வரன்களும் வருவதை நிறுத்திவிட்டன.

குளத்தின் ஒரு கோடியில் கலிங்கு இருந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற வாய் அது. அதில் குறுக்கே மரப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி வைத்திருப்பார்கள். ஒரு பலகை கூடினால் குளம் ஒரு சாண் உயரும். கோரைப்புல் மூலைவரை படகு போகும். ஒரு பலகை குறைந்தால் அங்கே போகிற படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிடும். கப்பல்காரி முழங்கால் வரை இறங்கி, அன்னத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்துவர வேண்டும். அணைக்காரர் பார்வையில் கதை வேறு. தண்ணீர் ஏற ஏற மண் அணையின் மார்பில் பாரம் ஏறும். அவருக்கு அணை ஒரு நோயாளி. தினமும் காலையில் போய் எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே எலி பொந்து வைத்திருக்கிறது, எங்கே புல் பழுத்திருக்கிறது என்று நாடி பார்ப்பார்.

ஆகவே தினமும் காலையில், "சார், பலகை?" என்று கீழேயிருந்து ஒரு குரல் போகும். "முடியாதுங்க" என்று மேலேயிருந்து ஒரு குரல் வரும். மற்றவர்கள் வணக்கம் சொல்லிக்கொள்வது போல அவர்களுக்கு அது.

"மத்தவங்க ஆசைப்பட்டா பூன்னு பேசுவாங்க, நிலான்னு பேசுவாங்க" என்பாள் அவளுடைய அண்ணி, படகு வீட்டு ஜன்னலில் டீ ஆற்றிக்கொண்டே. "நீங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பலகை பலகைன்னு பேசறீங்க. தெரியாதவங்க கேட்டா மரக்கடை வைக்கப் போறீங்கன்னு நினைச்சுக்குவாங்க."

"யாரு ஆசைப்பட்டா? சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் முகம்தான் சும்மா இருக்க மாட்டேங்குது."

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. நாத்தனாரும் அண்ணியும்தான் ஒருவருக்கொருவர் துணை, ஒருவருக்கொருவர் தலைவலி. அண்ணியிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது; அவள் சோற்றைப் பார்த்த உடனேயே பூசணிக்காயின் எடையைச் சொல்லிவிடுவாள்.

"வாயைத் திறந்து கேட்டுடேன். என்ன ஆயிடும்?"

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறார்."

"எங்கே போவார்? அணை மேலதான் நிப்பார். நானும் இங்கதான் நிப்பேன். இந்தக் குளத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் தலை தெரியும். பெரிய ஊர்னா தெரு மாறிப் போகலாம். இங்க நான் எங்கே போய் ஒளியறது, வாத்துக்குள்ளயா?"

அண்ணி ஆறிப்போன டீயை இன்னொரு தடவை ஆற்றினாள்.

படகு வீடு அணையின் இந்தக் கோடியில், முகத்தைக் குளத்துக்கும் முதுகை அணையின் வெளிச்சரிவுக்கும் காட்டிக்கொண்டு நின்றது. கலிங்கும் அணைக்காரருடைய அறையும் அந்தக் கோடியில். அவர் அணையின் மேல் நடந்து வருவார், படகு வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சரிவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பின்கதவு வரை வந்ததே இல்லை.

படகுப் பருவம் முடிந்த ஒரு நாள் அவள் லைஃப் ஜாக்கெட்டுகளை எல்லாம் மொத்தமாகத் துவைத்தாள். துவைத்த தண்ணீரைப் பின்கதவு வழியாகச் சரிவில் கொட்டினாள். அது புல்லுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு ஊறி நின்றது. மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பத்தடி தள்ளி, அணைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஈரமா இருக்குங்க" என்றார் நிமிராமல்.

துவைத்த தண்ணீர் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாக மேலே வானத்துக்குப் பக்கத்தில் தெரிந்த முகம், அன்று அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்படியா சார்?" என்றாள். "டீ குடிக்கிறீங்களா?"

குடித்தார். மறுநாளும் வந்து பார்த்தார், குடித்தார். அதற்கு மறுநாள் தரை காய்ந்து போயிருந்தது. "சரியாப் போச்சு. நல்லவேளை" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் மேலே ஏறிப் போய்விட்டார். அதோடு பழையபடி வானம், தலை, "முடியாதுங்க."

அவள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு விடியற்காலையில் குழாயடியில் சிவப்பு வாளியை நிரப்பி, பின்கதவைத் திறந்து, சரிவில் ஊற்றினாள்.

அன்று ஊற்றியதுதான் முதல் வாளி. அது வளர்ந்து தினப்படி வாளி ஆயிற்று. அவர் வந்தார், உட்கார்ந்தார், கம்பியால் குத்தினார், கவலைப்பட்டார். ஈரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த பேச்சு, அவருடைய அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போனது, இரவில் மழை பெய்தால் தூக்கம் வராதது, டீயில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டியது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது, வாளித் தண்ணீர் புல்லில் பரவுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு விடுமுறை. அன்று அவளும் ஊற்றுவதில்லை. பருவம் முடிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறையாது. ஆறு படகும் தண்ணீரில் இருக்கும், அவள் விசிலும் கையுமாகக் குளத்தின் நடுவில் இருப்பாள்.

அண்ணிக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? ஒரு நாள் விடியலில் வாளியோடு திரும்பியவளுக்கு எதிரே, கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னடி இது, புல்லுக்குக் குளியலா?"

கப்பல்காரி வாளியைப் பின்னால் மறைத்தாள். வாளி பெரியது.

"அடிப்பாவி" என்றாள் அண்ணி, எல்லாம் விளங்கிப்போய். "குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ அணையை ஒழுக விட்டு ஆள் பிடிக்கறியே."

"இன்னும் நாலு நாள் அண்ணி. கேட்டுடறேன். சத்தியமா."

நாலு நாள் என்று சொன்னது இலைகள் பழுத்து உதிர்கிறவரை நீண்டது. அதற்குள் அணைக்காரர், கடமை தவறாதவர் ஆயிற்றே, தீராத ஈரம் ஒன்று இருப்பதாக மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் நின்றார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அவள் நெஞ்சு விசில் இல்லாமலே ஊதியது. "கேளுங்க சார்."

"வாளி ஒண்ணு கிடைக்குமா?"

உள்ளே அண்ணிக்குப் புரை ஏறியது.

"எதுக்கு சார்?" என்றாள் கப்பல்காரி, தன் குரல் தனக்கே கேட்காமல்.

"சாயம் கலக்கணும். ஆபீஸ்ல இன்ஜினியர் மேடம் சொல்லிட்டாங்க. குளத்துல அணை ஓரமா சாயத்தை விட்டுப் பார்ப்போம். இந்த ஈரத்துல அந்த நிறம் வந்தா, தண்ணி அணைக்குள்ள வழி பண்ணிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். வரலைன்னா இது ஏதோ நிலத்தடி ஊத்து. அணைக்குச் சம்பந்தம் இல்லை."

"வந்துட்டா?"

அவர் டீயைப் பார்த்தார். "அணையை வெட்டிடுவாங்க. மில் இல்லை, பாசனம் இல்லை, படகு விடறதுக்காக இப்படி ஒரு ஆபத்து எதுக்குன்னு ஆபீஸ்ல ரொம்ப நாளாவே கேக்கறாங்க. குளம் இருக்காது."

"நீங்க?"

"அணை இல்லாத இடத்துல அணைக்காரன் எதுக்குங்க? வேற எங்கயாவது போடுவாங்க."

அவள் சிவப்பு வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை அண்ணி வேறு பேச்சே பேசவில்லை. "இதோட விட்டுடு. நாளையிலேர்ந்து ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

"ஊத்தலைன்னா காய்ஞ்சு போயிடும். அவர் வர மாட்டார்."

"அணையாவது இருக்கும்டி."

"நீங்க யோசிச்சுப் பாருங்க அண்ணி. நான் ஊத்தறது குழாய்த் தண்ணி. அதுல சாயம் இருக்காது. ஈரமும் இருக்கும், நிறமும் இருக்காது. அப்ப என்ன அர்த்தம்? நிலத்தடி ஊத்து. அணை தப்பிச்சது, ஊத்தும் நிலைச்சது. அவர் ஆயுசு முழுக்க வந்து பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"ஆயுசு முழுக்க வாளி தூக்கப் போறியா? கேக்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும்டி உனக்கு."

ஆனால் கப்பல்காரிக்கு அந்தத் திட்டம் பிடித்துப்போய்விட்டது. ஒரே வாளியில் இரண்டு மாங்காய். காதலித்த மூளைக்கு இந்த மாதிரி கணக்கெல்லாம் நன்றாகவே வரும்.

அடுத்த நாள் விடியலில் பனி மூட்டம். அணைக்காரர் முந்தின நாளே சாயத்தைக் குளத்தில் விட்டுவிட்டு, வாளியைக் கழுவி, ஒழுங்காகப் பின்கதவுப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை எடுத்தாள், குழாயில் நிரப்பினாள், ஊற்றினாள், உள்ளே வந்து தலை வாரிக்கொண்டாள். மூட்டம் விலகிச் சூரியன் சரிவில் விழுந்தபோது அவர் வந்துவிட்டார். அவள் டீயோடு பின்கதவுக்கு வந்தாள்.

அடிவாரத்துப் புல்லுக்கிடையே ஈரம் மின்னியது. கிளிப்பச்சையாக மின்னியது. புல்லின் பச்சை எதுவும் அதற்குக் கிட்டே நிற்க முடியாது.

அணைக்காரர் கத்தவில்லை. மெதுவாக எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "யாரும் தண்ணியில இறங்க வேண்டாம்" என்றார். "துறையை மூடிடுங்க. உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போங்க." சொல்லிவிட்டுச் சரிவில் ஏறி, கலிங்கைப் பார்த்து ஓடினார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. தொளதொள பூட்ஸோடு, கைகளைத் துழாவிக்கொண்டு ஓடினார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சி. வரவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயம். நான் ஊற்றியது வெறும் தண்ணீர்தானே, அப்படியானால் அணை உண்மையாகவே ஒழுகுகிறதா? அப்போதுதான் டம்ளரைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் பச்சை. ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்தாள். சிவப்பு வாளியின் சிவப்பு விளிம்புக்கு உள்மடிப்பில், அதே மாதிரி சிவப்பாகச் சாயப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்த விரலால் தொட்டாள், ஈரம் பட்டதும் நிறம் மாறியது. பச்சை.

கழுவியதில் குறையில்லை. ஆனால் ஒரு சிட்டிகை கிடந்தால் ஒரு வாளியை நிறம் மாற்றிவிடும் சாயத்துக்கு, அவர் கழுவிய கழுவு போதவில்லை.

அவள் அணையின் மேல் ஓடினாள். அவர் அதற்குள் கலிங்கில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கொக்கியால் முதல் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்! அந்தப் பலகை..."

"இப்பப் பலகையைப் பத்திப் பேசாதீங்க!" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

பலகை விடுபட்டது. தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது பலகைக்கும் மூன்றாவது பலகைக்கும் சொல்லிப் பார்த்தாள். அவர் கையை ஆட்டி மேட்டைக் காட்டினார்.

மதியத்துக்குள் குளம் ஒரு பெரிய சேற்றுத் தட்டு ஆகியிருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ஆறு படகும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. ஒரு அன்னம் மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டிருந்தது. அணைக்காரர் கரையேறி வந்தார். உள்ளங்கைகள் உரிந்திருந்தன. கொடுக்க அவள் துண்டு எடுத்து வந்தாள், வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"மன்னிச்சிடுங்க" என்றார். "நீங்க ஒரே ஒரு பலகைதான் கேட்டீங்க. நான் இருந்ததையும் பிடுங்கிட்டேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உரிந்த கைகளைப் பார்த்ததும் அவளால் துண்டை மறுபடி நீட்டத்தான் முடிந்தது. அவர் தொலைபேசியில் பேசப் போய்விட்டார்.

"மேடம் வந்துக்கிட்டு இருக்காங்களாம்" என்றாள் அண்ணி, அவள் காதருகில். "மண் வெட்டற மெஷினுக்குச் சொல்லியாச்சாம். உன் வாய் பூட்டைத் திறக்க இன்னும் என்ன வெட்டணும்?"

"சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டார் அண்ணி."

"சொல்லலைன்னா முழிக்கிறதுக்கு ஆள் இங்க இருக்க மாட்டார். எது தேவலைன்னு நீயே முடிவு பண்ணு."

இன்ஜினியர் மேடம் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினார். அடிவாரத்துப் பச்சையைக் குனிந்து பார்த்தார். காலியான குளத்தைப் பார்த்தார். "வேற வழியில்லை" என்று தொடங்கினார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் கப்பல்காரி.

எல்லாரும் திரும்பினார்கள்.

அவள் வாளியை முன்னால் நீட்டினாள், திருட்டுச் சாமானை ஒப்படைப்பவள் போல. "அணை ஒழுகலைங்க. தினமும் காலையில நான் ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். சார் சாயம் கலக்க இந்த வாளியைத்தான் வாங்கினார். விளிம்புல பொடி இருந்தது எனக்குத் தெரியலை." விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

மேடம் வாளியை வாங்கி, விளிம்பைத் தடவி, தன் விரலைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"பருவம் முடிஞ்சதுலேர்ந்து."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாதுங்க."

"ஏன், ஞாயித்துக்கிழமை என்ன?"

"அன்னிக்குச் சாருக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் முழு அர்த்தமும் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்டு அவள் தரையைப் பார்த்தாள். நுணலும் தன் வாயால் கெடும்.

மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது அவர் பார்வை அணைக்காரர் பக்கம் திரும்பியது. "ஞாயித்துக்கிழமை நீங்க இங்க வந்ததே இல்லையா?"

அணைக்காரர் தன் பூட்ஸைப் பார்த்தார். சேறும் பச்சையுமாக இருந்தது. "வந்திருக்கேன் மேடம்."

"எப்பவாவதா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

"ஈரம் இருந்ததா?"

"இல்லை மேடம். காய்ஞ்சுதான் இருந்தது."

"இத்தனை வாரத்துல ஒரு தடவைகூட அதை எங்கிட்ட சொல்லலையே."

அவர் பூட்ஸின் சேற்றைப் புல்லில் தேய்த்தார். காதுகள் சிவந்தன.

"என் சர்வீஸ்ல எத்தனையோ கசிவு பார்த்திருக்கேன்" என்றார் மேடம் நிதானமாக. "வாரத்துக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கிற கசிவை இப்பதான் பார்க்கிறேன். ஒரு நாள் காயற ஊத்து எங்கேயும் கிடையாதுன்னு உங்களுக்கா தெரியாது?"

"யோசிக்கலை மேடம்."

"யோசிக்கலையா, யோசிக்க விரும்பலையா?"

"காய்ஞ்சிருக்குன்னு சொன்னா..." என்று இழுத்தார் அவர். "தினமும் வந்து பார்க்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு."

அண்ணிக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. "அது சரி தம்பி, லீவு நாள்ல உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"அணையைப் பார்க்கத்தான் அக்கா வருவேன்."

"அணையைப் பார்த்தீங்களா?"

அவர் குளத்தின் பக்கம் கையைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை இவங்க நடுவுல நின்னு விசில் ஊதிக்கிட்டு இருப்பாங்க. அணை மேல கூட்டத்தோட கூட்டமா நின்னு பார்த்தா நல்லாத் தெரியும்."

மேடம் குடையை மடக்கினார். அவர் முகத்தில் கோபம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. "மெஷின் வேண்டாம்னு நான் சொல்லிடறேன். இன்னொரு வாரம் இந்த இடத்தை நானே வந்து பார்ப்பேன், ஞாயித்துக்கிழமையும் சேர்த்து. ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. நீங்க போய்ப் பலகையை எல்லாம் திரும்பப் போடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்துதானே காலி பண்ணினீங்க." பிறகு அண்ணியிடம், "டீ கிடைக்குமா?" என்றார்.

"சர்க்கரை தூக்கலாப் போட்டுத் தரேன் மேடம்" என்று அண்ணி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் நாத்தனாரின் முதுகில் ஒரு குத்து விட்டாள். அணைக்காரர் கம்பியால் மண்ணைக் குத்துவாரே, அந்த மாதிரி.

இருவரும் அணையின் மேல் நடந்தார்கள். ஒருவர் பின் ஒருவர் நடக்கிற வழக்கமான தடத்தில், இடம் இல்லாத இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவருக்குக் கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமாக இருக்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்பது மட்டும் தெரிந்தது.

கலிங்கில் அவர் இறங்கி நின்றார். அவள் மேலேயிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். உரிந்த கை படுகிற இடத்தில் தன் துண்டைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் கலிங்குச் சுவரில் இருந்த காடிப் பள்ளத்தில் செருகி, காலால் மிதித்து இறுக்கினார். ஒவ்வொரு பலகைக்கும் தண்ணீரின் இரைச்சல் ஒரு படி தணிந்தது. கடைசிப் பலகை இறங்கியதும் முழு அமைதி. ஓடையிலிருந்து வருகிற சின்ன நீரோட்டம் மட்டும் குளத்தின் அந்தக் கோடியில் சலசலத்தது. குளம் நிறைய இன்னும் பல நாள் ஆகும்.

கரையில் ஒரே ஒரு பலகை மிச்சம் கிடந்தது. எப்போதும் கிடக்கிற, எப்போதும் போடப்படாத அந்தக் கூடுதல் பலகை. அவள் பார்வை அதன் மேல் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"அது இன்னிக்கும் கிடையாதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. உதட்டின் ஓரத்தில் சிரிப்பு வந்து எட்டிப் பார்த்தது. "என்ன பண்ணினாலும் கிடையாது."

"நான் பலகை கேக்க வரலை."

அவர் நிமிர்ந்தார். இப்போது அவர் கீழே, அவள் மேலே. அவர் தலைக்குப் பின்னால் வானம் இல்லை. சேறும், சாய்ந்த படகுகளும், மூக்கைப் புதைத்த அன்னமும்தான் இருந்தன. வெட்கப்படுவதற்கு மிச்சம் வைத்தது எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இருந்த மானத்தை எல்லாம் காலையிலேயே வாளியோடு கவிழ்த்தாயிற்று.

"முதல் நாள் நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்காது."

"பலகையைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னேன்" என்றார் அணைக்காரர். "அன்னிலேர்ந்து தினமும் காலையில காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க விடாம பலகையையே கேட்டீங்க."

கப்பல்காரி கழுத்திலிருந்த விசிலைப் பச்சை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"படகை எல்லாம் விக்க மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன். காலையில டீயை எங்க வீட்டுலயே குடிங்க, ஈரம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஞாயித்துக்கிழமை மேல நின்னு பார்க்காதீங்க, என் படகுல வந்து உக்காருங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க."